பன்னிரண்டு வயதில் ஒரு விருந்தாளி

உங்கள் கணவரின் அண்ணன் குடும்பம் ஞாயிற்றுக்கிழமை மதியச் சாப்பாட்டுக்கு வருகிறது. அவர்களுடைய மகனுக்கு 12 வயது. உங்கள் பிள்ளைகளுக்கு 5 வயதும் 3 வயதும். மாமனார், மாமியாரும் இருப்பார்கள். காலை 11 மணிக்கு வந்தால் மாலை 4 மணிக்குத்தான் கிளம்புவார்கள். வீட்டில் இருப்பதெல்லாம் குட்டிப் பிள்ளைகளின் பொம்மைகள். அந்த 5 மணி நேரமும் அவன் சலித்துப்போகாமல் இருக்க என்ன வாங்கி வைக்கலாம் என்று கேட்டிருக்கிறீர்கள்.

எதுவும் வாங்க வேண்டாம். பதினெட்டு ஆண்டுகளாக 11 முதல் 13 வயது வரையிலான பிள்ளைகளோடு வகுப்பறையில் இருந்துவருகிறேன். என் வீட்டிலும் இருவர் இந்த வயதைக் கடந்து வளர்ந்திருக்கிறார்கள். வேற்று வீட்டுக்குச் சாப்பிட வந்த 12 வயதுப் பிள்ளைக்கு விளையாட்டுச் சாமான் இல்லாததுதான் குறை என்று நான் ஒருமுறைகூடக் கண்டதில்லை. அவர்களுக்கு இல்லாமல்போவது இடம். சின்னப் பிள்ளைகளுக்குத் தரையும் பொம்மையும் இருக்கின்றன. பெரியவர்களுக்கு நாற்காலியும் பேச்சும் இருக்கின்றன. இவனுக்குத் தரையில் உட்கார வெட்கம். நாற்காலியில் உட்கார்ந்தால் பேச்சில் பங்கு இல்லை. அந்த இடைவெளியில்தான் கைப்பேசி வந்து உட்கார்ந்துகொள்கிறது.

மூன்று ஆண்டுகளுக்கு முன் அவன் வந்திருந்தபோது கட்டைகளை அடுக்கிக்கொண்டே நாள் முழுக்க இருந்தான் என்று எழுதியிருக்கிறீர்கள். அந்த ஒன்பது வயதுப் பையன் இந்த ஞாயிற்றுக்கிழமை வரப்போவதில்லை. இதை முதலில் மனத்தில் ஏற்றிக்கொள்ளுங்கள். சுவிட்சர்லாந்து உளவியலாளர் ழான் பியாஜே, 11, 12 வயது வாக்கில் சிந்தனையில் ஒரு பெரிய திருப்பம் வருகிறது என்று சொன்னார். கண்முன் இருக்கும் பொருளை விட்டு விலகி, 'இப்படி நடந்தால் என்ன ஆகும்' என்று மனத்துக்குள்ளேயே ஓட்டிப் பார்க்கும் திறன் அப்போது முளைக்கிறது. கட்டையை அடுக்குவதில் இருந்த சுவை, அடுத்தவர் என்ன செய்வார் என்று முன்கூட்டிக் கணிப்பதற்கு இடம்பெயர்கிறது. இந்த வயதுப் பிள்ளைகள் திடீரென்று வாதம் செய்ய ஆரம்பிப்பதும் இதனால்தான்.

இன்னொன்றும் கூடவே முளைக்கிறது. 1967இல் அமெரிக்க உளவியலாளர் டேவிட் எல்கைண்ட் அதற்குக் கற்பனைப் பார்வையாளர்கள் என்று பெயர் வைத்தார். எல்லோரும் தன்னையே பார்த்துக்கொண்டிருக்கிறார்கள், தன் முடியை, தன் குரலை, தான் சாப்பிடும் விதத்தைக் கவனித்துக்கொண்டிருக்கிறார்கள் என்ற உணர்வு அது. பெரியவர்கள் அன்போடு செய்யும் பல காரியங்கள் இந்த இடத்தில்தான் குத்துகின்றன. 'அட, எவ்வளவு வளர்ந்துவிட்டான்!' 'குரல் உடைகிறது போலிருக்கிறதே!' 'கணக்கில் எத்தனை மதிப்பெண்?' 'ஒரு பாட்டுப் பாடிக் காட்டேன்.' இவற்றில் ஒன்றைக் கூடத்தின் நடுவில் வைத்துக் கேட்டுவிட்டால், அதன்பின் நீங்கள் என்ன விளையாட்டை எடுத்து வைத்தாலும் அவன் உள்ளே வரமாட்டான். மாமனாரிடமும் மாமியாரிடமும் முன்கூட்டியே பக்குவமாகச் சொல்லி வையுங்கள். அவர்களுக்கு இது கேட்க ஒரு மாதிரியாக இருக்கலாம், ஆனாலும் சொல்லுங்கள்.

இடம் கொடுப்பது எப்படி என்பதை எங்கள் வீட்டில் நடந்த ஒன்றை வைத்துச் சொல்கிறேன். நெருங்கிய உறவில் ஒரு பெண், அப்போது அவளுக்கு 12 வயது, பெற்றோரோடு சாப்பிட வந்திருந்தாள். சோபாவின் ஓரத்தில் உட்கார்ந்தாள். தோள்பையைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டாள், கீழே வைக்கவில்லை. பழச்சாறு கொடுத்தேன், இடது கையால் வாங்கிக்கொண்டாள், வலது கை பையின் வாரிலேயே இருந்தது. புத்தகம் வேண்டுமா என்றேன், வேண்டாம் என்றாள். தொலைக்காட்சி? வேண்டாம். நானும் ஒவ்வொன்றாக எடுத்து நீட்டிக்கொண்டே இருந்தேன், அவளும் மறுத்துக்கொண்டே இருந்தாள். முக்கால் மணி நேரம் இப்படியே போயிற்று.

அப்போது என் அப்பா ஒரு மர முக்காலியைத் தூக்கிக்கொண்டு வந்தார். அதன் ஒரு கால் நீண்ட நாளாக ஆடிக்கொண்டிருந்தது. அவர் யாரையும் குறிப்பிட்டு அழைக்கவில்லை. முக்காலியைக் கவிழ்த்து வைத்து, 'இந்த ஆணியை நான் முறுக்கினால் கால் சுற்றுகிறது, காலைப் பிடித்தால் ஆணியை முறுக்க முடியவில்லை, இதற்கு இரண்டு ஆள் வேண்டும்' என்றார். அவள் ஒரு நிமிடம் பார்த்தாள். பிறகு பையைத் தரையில் வைத்துவிட்டு எழுந்து போனாள். திருப்புளியை அவள் வாங்கிக்கொண்டாள், அப்பா காலைப் பிடித்துக்கொண்டார். இறுக்கிவிட்டு முக்காலியை நிமிர்த்தி அதன்மேல் உட்கார்ந்து இப்படியும் அப்படியும் ஆடிப் பார்த்தாள். சாப்பாட்டின்போது அந்த முக்காலியில்தான் உட்கார்ந்தாள். அந்தப் பை மாலை வரை கூடத்தின் மூலையிலேயே கிடந்தது.

நான் நீட்டியதெல்லாம் அவளை விருந்தாளியாகவே வைத்திருந்தது. அப்பா கேட்டது அவளை வீட்டு ஆளாக்கியது. இந்த வயதில் ஒரு பிள்ளையை நிமிரவைப்பது அதுதான். அந்த வேலை உண்மையான வேலையாக இருக்க வேண்டும். பொழுதுபோவதற்காக இட்டுக்கட்டிய வேலையை இவர்கள் நொடியில் கண்டுபிடித்துவிடுவார்கள். கண்டுபிடித்தால் சின்னப் பிள்ளையாக நடத்திவிட்டார்கள் என்று வருந்துவார்கள்.

ஆகவே இந்த வாரம் கடையைத் தேடாமல் வீட்டைச் சுற்றிப் பாருங்கள். இரண்டு கை தேவைப்படுகிற வேலை எது நிலுவையில் கிடக்கிறது? மேசையைக் கூடத்துக்கு நகர்த்த வேண்டும், நாற்காலிகள் எத்தனை என்று கணக்குப் பார்த்துப் போட வேண்டும், மேல் தட்டில் இருக்கும் பெரிய பாத்திரத்தை எடுக்க வேண்டும், தாத்தாவின் கைப்பேசியில் எழுத்தைப் பெரிதாக்கிக் கொடுக்க வேண்டும், சுவரில் ஒரு படம் கோணலாகத் தொங்குகிறது. நீங்கள் வழக்கமாக விருந்தாளிகள் வருமுன் முடித்து வைக்கும் வேலைகளில் இரண்டை முடிக்காமல் விட்டு வையுங்கள். வந்து 10, 15 நிமிடத்துக்குள் முதல் வேலை அவன் கைக்குப் போய்விட வேண்டும். அந்த நேரம்தான் கடினமானது. பெற்றோர் பேச உட்கார்ந்துவிடுவார்கள், சின்னவர்கள் இருவரும் வெட்கத்தில் உங்கள் பின்னால் ஒளிந்திருப்பார்கள், இவன் நடுவில் நிற்பான். 'இந்த மேசையின் அந்தப் பக்கத்தைக் கொஞ்சம் பிடிக்கிறாயா?' என்று ஒரு குரல் கொடுங்கள். அவன் பெற்றோரிடம் 'அவன் செய்வானா?' என்று கேட்காதீர்கள். அவனையே நேராகக் கேளுங்கள்.

அடுக்களையில் சேர்த்துக்கொள்வதாக இருந்தால் ஒரு முழுப் பண்டத்தின் பொறுப்பைக் கொடுங்கள். 'இதை நறுக்கு, அதை எடு' என்று துண்டு துண்டாக ஏவினால் அது எடுபிடி வேலையாகிவிடும். பழத்தட்டு அவனுடையது என்று முடிவுசெய்தால் என்னென்ன பழம், எப்படி வெட்டுவது, எப்படி அடுக்குவது எல்லாம் அவன் விருப்பம். கத்தி அவன் வீட்டில் பிடித்துப் பழகியதா என்பதை மட்டும் அவன் அம்மாவிடம் முன்பே கேட்டுக்கொள்ளுங்கள். இன்னொரு நன்மையும் இதில் உண்டு. எதிரெதிரே உட்கார்ந்து கேள்வி கேட்டால் ஒற்றைச் சொல்லில் பதில் சொல்லும் பிள்ளைகள், பக்கத்தில் நின்று கை வேலையாக இருக்கும்போது தாமாகவே பேசுவார்கள். கண்ணைப் பார்க்க வேண்டியதில்லை, பேச்சு நின்றாலும் வேலை ஓடிக்கொண்டிருக்கும், மௌனம் உறுத்தாது. என் மாணவர்கள் தங்கள் மனத்தில் இருந்ததைச் சொன்னதெல்லாம் பெரும்பாலும் கரும்பலகையைத் துடைக்கும்போதும் புத்தகங்களை அடுக்கும்போதும்தான்.

வெள்ளிக்கிழமை வாக்கில் அவர்கள் வீட்டுக்கு ஒரு தொலைபேசி அழைப்புப் போதும். அவனுக்குச் சேராத உணவு ஏதும் உண்டா, இந்த மாதம் எதில் மூழ்கியிருக்கிறான் என்று கேளுங்கள். போன வருடம் என்ன பிடித்தது என்பது பயன்படாது. இந்த வயதில் ஆறு மாதம் ஒரு யுகம். பிறகு முடிந்தால் அவனிடமே கொடுக்கச் சொல்லி, 'சித்தி பேசுகிறேன், நீ வரும்போது உனக்குப் பிடித்தது எதையாவது எடுத்துக்கொண்டு வா, எங்கள் வீட்டில் இருப்பதெல்லாம் குட்டிகளின் சாமான்தான்' என்று உள்ளதை உள்ளபடி சொல்லுங்கள். தன் பொருள் ஒன்று தன்னோடு இருந்தால் வேற்று வீட்டில் தைரியம் வரும். அவன் எடுத்துவருவது எதுவாக இருந்தாலும் அதைப் பற்றிக் கற்றுக்கொடுக்கச் சொல்லிக் கேட்க ஒருவரை இப்போதே முடிவுசெய்து வையுங்கள். உங்கள் கணவர் அதற்குப் பொருத்தம். சித்தப்பா அரை மணி நேரம் அண்ணனோடு பேசாமல் அண்ணன் மகனோடு உட்கார வேண்டும், அவ்வளவுதான்.

சாப்பாட்டு மேசையில் அவனைச் சின்னவர்களோடு உட்காரவைப்பதா, பெரியவர்களோடு உட்காரவைப்பதா என்று தனியாகக் கேட்டிருந்தீர்கள். இதை அவனிடமே விடுங்கள். கேட்பதை எல்லோர் முன்னும் கேட்காமல், தட்டுகளை எடுத்து வைக்கும்போது போகிற போக்கில் கேளுங்கள். பெரியவர்களோடு உட்கார்ந்தால், அவனுக்கும் கருத்து இருக்கக்கூடிய ஒரு விஷயத்தையாவது மேசைக்குக் கொண்டுவாருங்கள். நிலத்தின் விலையும் உறவினர் உடல்நிலையும் ஒன்றரை மணி நேரம் ஓடினால் யாராலும் தாங்க முடியாது. சாப்பிட்டு முடித்ததும் அவன் எழுந்து போகலாம் என்பதை நீங்களே சொல்லிவிடுங்கள். எழலாமா, உட்கார வேண்டுமா என்று தவிப்பதிலேயே பல பிள்ளைகளுக்கு அரை மணி நேரம் வீணாகிறது. எவ்வளவு சாப்பிட்டான், எதை ஒதுக்கினான் என்பதை யாரும் பேச வேண்டாம்.

இனி, நீங்கள் அதிகம் பயப்படும் நேரம்: சாப்பாடு முடிந்து, பெரியவர்கள் சாய்ந்து உட்கார்ந்து, சின்னவர்கள் தூங்கப்போன பிறகு வரும் ஒன்றரை மணி நேரம். இங்கேதான் விளையாட்டு தேவை. நல்ல வேளையாக, இந்த வயதுக்கு மிகச் சிறந்த விளையாட்டுகளுக்குத் தாளும் பென்சிலும் கொஞ்சம் நாணயங்களும் போதும். எதைத் தேர்ந்தெடுத்தாலும் மூன்று குணம் பாருங்கள். விதி இரண்டு வாக்கியத்தில் முடிய வேண்டும், ஓர் ஆட்டம் 5 நிமிடத்துக்குள் முடிய வேண்டும், பெரியவரும் உண்மையாகவே தோற்கக்கூடியதாக இருக்க வேண்டும். மூன்றாவதுதான் முக்கியம். விட்டுக்கொடுத்துத் தோற்பதை இவர்கள் கண்டுபிடித்துவிடுவார்கள்.

முதலாவது, 21 நாணயம். நாணயத்துக்குப் பதில் பொத்தானோ தீக்குச்சியோ வைத்துக்கொள்ளலாம். வரிசையாக 21 வையுங்கள். இருவர் மாறி மாறி எடுக்க வேண்டும். ஒருமுறைக்கு ஒன்று, இரண்டு அல்லது மூன்று எடுக்கலாம். கடைசி நாணயத்தை எடுப்பவர் வென்றார். இதன் சூட்சுமம் நான்கில் இருக்கிறது. உங்கள் முறை முடியும்போது மிச்சம் இருப்பது எப்போதும் நான்கின் மடங்காக இருக்கும்படி பார்த்துக்கொண்டால் நீங்கள் தோற்கவே முடியாது. அவர் ஒன்று எடுத்தால் நீங்கள் மூன்று, அவர் இரண்டு எடுத்தால் நீங்கள் இரண்டு, அவர் மூன்று எடுத்தால் நீங்கள் ஒன்று. முதலில் ஆடுபவர் ஒரே ஒரு நாணயத்தை எடுத்து 20 மிச்சம் வைத்துவிட்டால் ஆட்டம் அங்கேயே முடிந்தது.

இந்தச் சூட்சுமத்தைச் சொல்லிவிடாதீர்கள். இரண்டு மூன்று முறை அவனை வெல்லுங்கள். அவன் முகம் மாறும். 'இதில் ஏதோ இருக்கிறது' என்பான். அப்போது, 'கடைசியில் நான்கு நாணயம் இருக்கும்போது உன் முறை வந்தால் என்ன ஆகிறது என்று பார்' என்று மட்டும் சொல்லிவிட்டு எழுந்து போய்விடுங்கள். அவன் தனியாக உட்கார்ந்து நாணயங்களை நகர்த்திக்கொண்டிருக்கும் அந்தப் பத்து நிமிடத்தைத் தயவுசெய்து யாரும் கெடுக்க வேண்டாம். நான்கு புரிந்தால் எட்டு புரியும், எட்டு புரிந்தால் மற்றதெல்லாம் தானாக விழும். அதன்பின் அவனே தன் அப்பாவிடம் போய் 'ஓர் ஆட்டம் ஆடலாமா?' என்று கேட்பான். சித்தப்பாவை, தாத்தாவை, ஒவ்வொருவராக வெல்வான். பெரியவர்களிடம் இல்லாத ஓர் அறிவு தன்னிடம் இருக்கிறது என்ற உணர்வோடு அவன் கூடத்துக்குள் நடந்து வருவதை நீங்கள் பார்க்க வேண்டும். கிழக்கு மேற்குத் தெரியாமல் நின்ற பிள்ளைக்கு அந்த வீட்டில் ஒரு தகுதி கிடைத்துவிட்டது.

அது பிடித்துப்போனால் நாணயங்களை 3, 5, 7 என்று மூன்று குவியலாக வைத்து ஆடச் சொல்லுங்கள். ஒருமுறைக்கு ஒரே குவியலிலிருந்து எத்தனை வேண்டுமானாலும் எடுக்கலாம். இந்த வகை ஆட்டத்துக்கு நிம் என்று பெயர் வைத்து, எப்படி ஆடினால் வெல்லலாம் என்பதை முழுமையாக எழுதியவர் சார்ல்ஸ் பவுட்டன் என்ற கணித அறிஞர், ஆண்டு 1901. இது கொஞ்சம் ஆழமானது, ஒரே மதியத்தில் பிடிபடாது. வீட்டுக்குப் போயும் யோசிப்பான்.

இரண்டாவது, சிம். 1969இல் குஸ்டாவஸ் சிம்மன்ஸ் என்பவர் அமைத்த ஆட்டம். தாளில் ஆறு புள்ளிகளை வட்டமாக வையுங்கள். இருவருக்கும் இரண்டு நிறப் பென்சில். மாறி மாறி ஏதாவது இரண்டு புள்ளிகளைத் தத்தம் நிறத்தில் கோடு போட்டு இணைக்க வேண்டும். அந்த ஆறு புள்ளிகளில் மூன்றை முனைகளாகக் கொண்ட முக்கோணத்தைத் தன் நிறத்திலேயே முடித்துவிடுபவர் தோற்றார். மொத்தம் 15 கோடுகளுக்குத்தான் இடம் உண்டு. முதல் ஐந்தாறு கோடு சும்மா விழும். எட்டாவது, ஒன்பதாவது கோட்டில் கை தயங்கும். பத்தாவதில் பென்சில் முனை தாளைத் தொடாமல் அந்தரத்தில் நிற்கும். கண் மட்டும் புள்ளியிலிருந்து புள்ளிக்கு ஓடும். இந்த ஆட்டம் ஒருபோதும் சமனில் முடியாது. 15 கோடுகளும் தீர்வதற்குள் யாராவது ஒருவர் முக்கோணத்தில் மாட்டியே ஆக வேண்டும்.

ஏன் அப்படி என்று அவன் கேட்டால், உங்கள் சாப்பாட்டு மேசையே பதில். உங்கள் வீட்டில் அன்று பெரியவர்கள் சரியாக ஆறு பேர். அவனிடம் ஒரு தாளைக் கொடுத்து, இந்த ஆறு பேரில் யார் யாரோடு எப்போதாவது சதுரங்கம் ஆடியிருக்கிறார்கள் என்று விசாரித்து வரச் சொல்லுங்கள். ஆடிய இருவருக்கு ஒரு நிறக் கோடு, ஆடாத இருவருக்கு வேறு நிறக் கோடு. 15 கோடும் போட்டு முடித்தால் ஒன்று நிச்சயம்: ஒருவரோடொருவர் ஆடிய மூவர் இருப்பார்கள், அல்லது ஒருவரோடொருவர் ஆடாத மூவர் இருப்பார்கள். உலகில் எந்த ஆறு பேரை எடுத்தாலும் இதிலிருந்து தப்ப முடியாது.

காரணமும் அவனுக்கு எட்டும் தூரத்தில்தான் இருக்கிறது. தாத்தாவை எடுத்துக்கொள்ளுங்கள். மீதி ஐந்து பேரில் குறைந்தது மூவரோடு அவர் ஆடியிருக்க வேண்டும், அல்லது குறைந்தது மூவரோடு ஆடாமல் இருந்திருக்க வேண்டும். மூவரோடு ஆடியிருக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். அந்த மூவரில் எந்த இருவராவது தங்களுக்குள் ஆடியிருந்தால், தாத்தாவோடு சேர்த்து ஆடிய மூவர் கிடைத்துவிட்டார்கள். யாருமே தங்களுக்குள் ஆடவில்லை என்றால், அவர்களே ஆடாத மூவர். தாத்தா மூவரோடு ஆடாதிருந்தாலும் இதே வழி. இதைப் பிடித்துக்கொண்ட பிள்ளைகள் நாற்காலியை விட்டு எழுந்து நிற்பதை நான் கண்டிருக்கிறேன். கணக்கு வராது என்று பெயர் வாங்கிய பிள்ளைகளும் அவர்களில் உண்டு. சதுரங்க விசாரணையில் இன்னொரு லாபமும் இருக்கிறது: பாட்டி இளவயதில் யாரோடு என்ன ஆடினார் என்ற கதை வெளியே வரும். அவன் கேட்டதால் வரும் கதை அது. உட்காரவைத்துச் சொல்லும் கதையைவிட அதில் அவனுக்கு அக்கறை இருக்கும்.

தாத்தாவும் பேரனும் தனியாக இருக்கும் நேரத்துக்கு ஓர் எண் வைத்திருக்கிறேன்: 6174. பள்ளி ஆசிரியராக இருந்த இந்தியக் கணிதர் கப்ரேக்கர் கண்டது. எல்லா இலக்கமும் ஒன்றாக இல்லாத ஏதாவது ஒரு நான்கு இலக்க எண்ணை எடுங்கள். அதன் இலக்கங்களைப் பெரியதிலிருந்து சிறியதாக ஒருமுறை, சிறியதிலிருந்து பெரியதாக ஒருமுறை எழுதிக் கழியுங்கள். வந்த விடையை மறுபடியும் அப்படியே செய்யுங்கள். 3524 என்று எடுத்தால் 5432இலிருந்து 2345 போக 3087. 8730இலிருந்து 0378 போக 8352. 8532இலிருந்து 2358 போக 6174. எந்த எண்ணில் தொடங்கினாலும் ஏழு படிக்குள் இங்கேதான் வந்து நிற்கும், வந்தபின் நகராது. தாத்தா ஓர் எண்ணும் பேரன் ஓர் எண்ணும் எடுத்து யார் குறைந்த படியில் வருகிறார் என்று பந்தயம் வைத்துக்கொள்ளலாம்.

கணக்கே வேண்டாம் என்கிற பிள்ளையாக இருந்தால் அன்றைய மதியத்தைப் படம் எடுக்கும் பொறுப்பைக் கொடுங்கள். எல்லோரையும் வரிசையாக நிறுத்தி எடுக்கும் படம் வேண்டாம். கைகள் மட்டும், செருப்புகள் மட்டும், சிரிக்கும்போது மட்டும் என்று அவனே ஒரு விதி வைத்துக்கொண்டு 20 படம் எடுக்கட்டும். கிளம்புவதற்கு முன் அதில் சிறந்த ஐந்தை அவனே தேர்ந்தெடுத்து எல்லோருக்கும் அனுப்பட்டும். கையில் ஒரு கருவி இருந்தால் கூட்டத்துக்குள் தயங்காமல் நடக்கலாம். கூச்சம் மிகுந்த பிள்ளைகளுக்கு இதைவிட நல்ல வழி எனக்குத் தெரியாது.

உங்கள் சின்னவர்கள் விஷயத்தில் கொஞ்சம் உறுதியாக இருக்க வேண்டும். வெட்கம் தெளிந்ததும் இருவரும் 'அண்ணா, அண்ணா' என்று அவன் முதுகில் ஏறுவார்கள். முதலில் அவனுக்கும் அது பெருமையாக இருக்கும். பெரியவர்கள் எல்லோரும் 'பார், எவ்வளவு அழகாகப் பார்த்துக்கொள்கிறான்' என்று நிம்மதியாகப் பேச்சுக்குத் திரும்புவார்கள். அங்கேதான் அநியாயம் நடக்கிறது. விருந்துக்கு வந்த பிள்ளை சம்பளமில்லாத ஆயாவாகிவிடுகிறான். மூன்று வயதுக் குழந்தை விழுந்தால் பழியும் அவன்மேல் வரும். பெண் பிள்ளைகளுக்கு இது இன்னும் அதிகமாக நடக்கிறது. யாரும் கேட்பதுகூட இல்லை, தானாகவே அவள் வேலை என்று ஆகிவிடுகிறது. 20 நிமிடம் கழிந்ததும் நீங்களோ உங்கள் கணவரோ எழுந்து போய், 'போதும், அண்ணனை விடுங்கள்' என்று குட்டிகளை எடுத்துக்கொண்டு வந்துவிடுங்கள். அவனுக்கே இன்னும் விளையாட விருப்பம் என்றால் சொல்வான். 'போதும்' என்று அவனாகச் சொல்லமாட்டான்.

கைப்பேசியைப் பற்றி நீங்கள் கேட்கவில்லை, ஆனால் மனத்தில் இருக்கும். எடுக்கவே கூடாது என்று விதி போடாதீர்கள். அந்த விதியைப் போடும் உரிமை அவன் பெற்றோருடையது. தொலைபேசியில் பேசும்போது அவர்கள் வழக்கம் என்ன என்று கேட்டு, அதையே உங்கள் வீட்டிலும் வைத்துக்கொள்ளுங்கள். சாப்பிடும்போது வேண்டாம், பிறகு அரை மணி நேரம் பரவாயில்லை என்பது பெரும்பாலான வீடுகளுக்கு ஒத்துவருகிறது. வந்ததும் வராததுமாகத் திரையில் முகத்தைப் புதைத்துக்கொள்ளும் பிள்ளையை மரியாதை தெரியாதவன் என்று எண்ணிவிடாதீர்கள். தெரியாத கூட்டத்தில் கைக்கு ஒரு பிடிமானம் அது. வேறு பிடிமானம் கிடைத்தால் தானாகக் கீழே வைப்பான். அந்த முக்காலி கிடைத்ததும் பை கீழே இறங்கியதுபோல.

ஒதுங்க ஓர் இடமும் காட்டிவையுங்கள். இது மிக அவசியம், எளிதாக மறந்துபோவதும் இதுதான். 5 மணி நேரம் ஆட்களின் நடுவில் இருப்பது பெரியவர்களுக்கே களைப்பு. உள் அறையில் சன்னல் ஓரமாக ஒரு நாற்காலி, பக்கத்தில் இரண்டு மூன்று புத்தகம் அல்லது படக்கதை, கதவு திறந்தே இருக்கட்டும். வந்தவுடன் வீட்டைச் சுற்றிக் காட்டும்போதே, 'சத்தம் அதிகமாக இருந்தால் இங்கே வந்து உட்கார்ந்துகொள், யாரும் எதுவும் கேட்கமாட்டார்கள்' என்று சொல்லுங்கள். சொன்னபடி யாரும் கேட்காமலும் இருக்க வேண்டும். அவன் அங்கே போய் முக்கால் மணி நேரம் படித்துக்கொண்டிருந்தால் உங்கள் விருந்து தோற்றுவிட்டது என்று நினைக்காதீர்கள். வேற்று வீட்டில் ஒரு பிள்ளை தனியாக உட்கார்ந்து படிக்கிறான் என்றால், அங்கே அவனுக்குப் பயம் விட்டுப்போயிற்று என்று பொருள்.

எல்லாம் செய்தும் எதிலும் சேராமல் 'பரவாயில்லை, வேண்டாம்' என்றே சொல்லிக்கொண்டிருந்தால் மூன்றாவது முறைக்கு மேல் அழைக்க வேண்டாம். மேசை ஓரத்தில் அந்த 21 நாணயங்களை வைத்து நீங்களும் உங்கள் கணவரும் ஆடத் தொடங்குங்கள். கொஞ்சம் சத்தமாகவே ஆடுங்கள். பார்வையாளனாக வந்து நிற்பது அழைப்பை ஏற்பதைவிட எளிது. பத்து நிமிடம் நின்று பார்ப்பான், பிறகு 'நீங்கள் அங்கே இரண்டு எடுத்திருக்க வேண்டும்' என்பான். அப்போது நாற்காலியை நகர்த்திக் கொடுங்கள்.

வெயில் தாழ்ந்ததும் யாராவது ஒருவர் அவனோடு வெளியே ஒரு நடை போய்விட்டு வந்தால் நல்லது; உடம்புக்கும் வேண்டும், வீட்டுக்குள் அடைந்த மனத்துக்கும் வேண்டும். சின்னவர்களை விட்டுவிட்டுப் போகட்டும்.

அவர்கள் கிளம்பும்போது வாசலில் வழக்கமாகப் பெற்றோரிடம் பேசி, அவர்கள் வழியாகத்தான் பிள்ளையைப் பாராட்டுவோம்: 'ரொம்ப நல்ல பிள்ளை, தொந்தரவே இல்லை.' தொந்தரவு தராததை ஒரு பாராட்டாக எந்தப் பிள்ளையும் எடுத்துக்கொள்வதில்லை. செருப்பை மாட்டிக்கொண்டிருக்கும் அவனிடமே போய், அன்று அவன் செய்த ஏதாவது ஒன்றைக் குறிப்பிட்டுச் சொல்லுங்கள். 'அந்தக் கடைசி ஆட்டத்தில் பத்தாவது கோட்டை நீ ஏன் அங்கே போட்டாய் என்று எனக்கு இன்னும் புரியவில்லை, நான் யோசித்து வைக்கிறேன்' என்று சொல்லிவிட்டு, அந்தத் தாளைக் கசக்கிப் போடாமல் அவன் பார்க்கும்படி எடுத்து வையுங்கள். அதை மடித்து அவன் கையில் கொடுப்பதைவிட உங்கள் வீட்டிலேயே வைத்துக்கொள்வது நல்லது. அடுத்த முறை வரும்போது அந்தத் தாள் இருக்கிறதா என்று முதலில் கேட்பான்.